வெத்துத் தாள்ல போட்ட கையெழுத்து

போன மாசம் எங்க வி.ஏ.ஓ. வாட்ஸப் குரூப்புல ஒரு புள்ள ஒரு கேள்வி போட்டிருந்துச்சு. வேலைக்கு வந்து ரெண்டு வருசம்தான் இருக்கும். புதுச் சட்டம் வந்த பெறகு போலீஸ் எந்தப் பொருளக் கைப்பத்துனாலும் வீடியோ எடுத்தே ஆகணும். அதான் வீடியோவே இருக்கே, நம்ம சாட்சிக் கையெழுத்து ஒரு சம்பிரதாயம்தானே, முன்கூட்டியே பத்துத் தாள்ல போட்டு ஸ்டேஷன்ல குடுத்துட்டா அலைச்சல் மிச்சம்தானேன்னு கேட்டிருந்துச்சு. அதுக்குக் கீழ பன்னெண்டு பேரு கட்டைவிரல் போட்டிருந்தாக. அதுல நாலு பேரு எங்கிட்ட வேல கத்துக்கிட்டவுக.

நான் ரிட்டயர் ஆகி நாலு வருசம் ஆச்சு. இப்ப உத்தமபாளையத்துல மக வீட்டுக்குப் பக்கத்துல குடியிருக்கேன். குரூப்புல இருந்து என்னைய யாரும் நீக்கல, நானும் காலை வணக்கம் படங்கள அழிச்சுக்கிட்டு வாயத் தொறக்காமக் கெடந்தேன். அந்தக் கட்டைவிரலுகளப் பாத்துட்டு நின்ன நிலையில அடுப்புல வச்ச பாலு பொங்கி வழிஞ்சு தீஞ்சு போச்சு. குரூப்புல நாலு வரி எழுதிப் பிரயோசனம் இல்ல, நாப்பது காலை வணக்கத்துக்கு அடியில போயிரும். அதனால முழுசா எழுதுறேன். என்னையவும் சேத்துத்தான் திட்டி எழுதுறேன்.

எனக்குச் சொந்த ஊரு பெரியகுளம் பக்கம். பரீச்ச எழுதிப் பாஸாகி, மொத வேல மயிலாடும்பாறைக்கு அங்குட்டு ஒரு கிராமத்துல. ட்ரெயினிங்ல சங்கிலி புடிச்சு நெலம் அளக்கச் சொல்லிக் குடுத்தாக. சிட்டா, அடங்கல், பட்டா எல்லாம் சொல்லிக் குடுத்தாக. போலீஸ் வந்து கூப்புட்டா என்ன செய்யணும்னு மட்டும் ஒருத்தரும் சொல்லித் தரல. மொத தடவ ஒரு கான்ஸ்டபிள் தாள நீட்டுனப்ப, படிச்சுப் பாக்கலாமான்னு பக்கத்து கிராமத்து சீனியரக் கேட்டேன். "படிக்கணும்னா படி, ஆனா மொதல்ல போட்டுரு"ன்னாரு. அம்புட்டுதான் எனக்குக் கெடச்ச ட்ரெயினிங்.

வெளியாளுகளுக்கு இது புரியாது, அதனால ஒரு நிமிசம் சொல்லிர்றேன். வி.ஏ.ஓ.ன்னா சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல்னுதான் சனங்களுக்குத் தெரியும். இன்னொரு வேலையும் உண்டு. ஒருத்தன் போலீஸ்கிட்ட 'நாந்தான் கொன்னேன்'னு சொன்னா அது கோர்ட்டுல செல்லாது. அடிச்சு வாங்கியிருப்பாகன்னு சட்டத்துக்கே தெரியும். அதே ஆளு தானா நடந்து வந்து வி.ஏ.ஓ.கிட்ட சொன்னான்னா கோர்ட்டு அதக் காதுல வாங்கும். பெறகு அவன் காட்டுன எடத்துல போயி அருவாளோ நகையோ எடுத்தா, அதுக்கும் சாட்சியா நானும் தலையாரியும் கையெழுத்துப் போடணும்.

அதனால எங்க பக்கத்துக் கொலகாரனுக எல்லாம் ரொம்ப மனசாட்சி உள்ளவனுக. கொல செஞ்ச நாலாம் நாளு மனசு உறுத்தி, பஸ் ஏறி, வி.ஏ.ஓ. ஆபீஸ விசாரிச்சு வந்து, வரிசையாச் சொல்லிட்டுப் போவானுக. எல்லாம் காயிதத்துலதான். நான் முப்பது வருசம் உக்காந்திருந்த நாற்காலிக்கு முன்னால ஒரு பய அப்பிடி வந்து நின்னதில்ல. எங்கிட்ட வந்தவன் எல்லாம் பட்டாவுல அப்பன் பேரு தப்பா இருக்குன்னுதான் வந்தான்.

கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவுல ஒரு கிராமத்துக்கு மாறி வந்தேன். ஊரு பேரும் ஸ்டேஷன் பேரும் வேணாம். கெழக்க திராட்சப் பந்தலு, மேக்க வாய்க்காக் கரையோரம் தென்னந்தோப்பு. அங்கன தலையாரி பேரு பெருமாள். என்னையவிட ஆறு வயசு மூத்தவரு, ஆனா என்னைய அம்மான்னுதான் கூப்புடுவாரு. நான் அண்ணேம்பேன்.

அந்த ஸ்டேஷன்ல ஒரு வழக்கம் இருந்துச்சு. எனக்கு முன்னாடி இருந்த வி.ஏ.ஓ.வும் செஞ்சதுதான். வழக்குக்கு வழக்கு போயி ஸ்டேஷன் பெஞ்சுல அரைநாள் உக்காந்திருக்க முடியாதுன்னு, இருபது வெள்ளத் தாளு எடுத்து, அடியில மூணு விரக்கட மேல கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஸ்டேஷன் ரைட்டர்கிட்ட குடுத்துருவோம். எனக்குப் பக்கத்துல பெருமாள் அண்ணனும் எழுத்துக் கூட்டி அவரு பேரப் போடுவாரு. அப்பறம் அவுக தேவைக்கு மேல எழுதிக்குவாக. எந்தத் தாளு எந்த வழக்குக்குப் போச்சுன்னு எங்களுக்குத் தெரியாது. கோர்ட்டுல இருந்து சம்மன் வர்றப்பத்தான் நகலப் படிச்சுப் பாத்து, நாங்க எங்கன போனோம், என்னத்தக் கண்டோம்னு தெரிஞ்சுக்குவோம்.

யாரும் என்னைய மெரட்டி வாங்கல. அத நெனச்சாத்தான் இன்னைக்கும் எனக்கு ஆத்திரமா வருது. நானே என் பேனாவ எடுத்து, நானே போட்டுக் குடுத்தேன். போட்டு முடிச்சுட்டு ரைட்டர் வாங்கிக் குடுத்த வடையையும் தின்னுட்டு வந்தேன்.

தோப்புப் பக்கம் ஒரு வாத்தியார் வீடு இருந்துச்சு. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருமே ரிட்டயர்டு டீச்சருக. புள்ளைக வெளியூரு. டீச்சரம்மா ஒருக்கா பட்டா நகலுக்கு வந்தப்ப, என் கையெழுத்தப் பாத்துட்டு, "எழுத்து முத்து முத்தா இருக்கு தாயி, எந்தப் பள்ளிக்கூடம்?"னு கேட்டாக. அந்த ரெண்டு பேரையும் ஒரு நாளு யாரோ வீட்டுக்குள்ள வச்சு வெட்டிப் போட்டுட்டு நகையக் கொண்டு போயிட்டானுக. நான் போயிப் பாத்தேன், வி.ஏ.ஓ. போயித்தான் ஆகணும். அதப் பத்தி எழுத மாட்டேன். ஊரே கொதிச்சுப் போச்சு. சொந்தக்காரங்க ரோட்ட மறிச்சாக. செஞ்சவனத் தூக்குல போடணும்னு எல்லாரும் சொன்னாக. நானும் சொன்னேன்.

அந்தத் தோப்புல நாப்பத்தஞ்சு நாளைக்கு ஒருக்கா காய் வெட்டுறது சேசுராஜ். மாதா கோயில் தெருக்காரன். மரம் ஏறுறதுல கெட்டிக்காரன், பேச்சுல ஊமைக்குச் சமானம். அவன் அருவாளும் கயிறும் வாத்தியார் தோப்பு மோட்டார் ரூம்புலதான் எப்பவும் கெடக்கும். கொலைக்கு ரெண்டு நாளு முந்தி வெட்டு. போலீஸ் வந்து பாத்தப்ப அருவா அங்கனயே கெடந்துச்சு. அது போதும்னு நெனச்சாக. மூணாம் நாளே அவனக் கூட்டிட்டுப் போயிட்டாக. அவன் பொண்டாட்டி மரியபுஷ்பம் தெனமும் சோத்து வாளியோட ஸ்டேஷன் வாசல்ல நிப்பா. அப்பிடி ஒரு ஆளே இங்க இல்லேன்னு சொல்லி அனுப்பிருவாக. அஞ்சு நாளு இப்பிடி ஓடுச்சு.

அந்த அஞ்சாவது நாளு எங்களுக்கு ஜமாபந்தி.

ஜமாபந்தின்னா வி.ஏ.ஓ.வுக்கு வருசத்துல ஒரு நாளு வர்ற கல்யாணம், கருமாதி எல்லாம் அதுதான். கிராமத்துக் கணக்குப் புத்தகம் அத்தனையும் தாலுகா ஆபீஸுக்குத் தூக்கிட்டுப் போயி, மேலதிகாரி முன்னால வைக்கணும். அவரு ஒவ்வொரு பதிவேடாப் பாத்து, தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவாரு. அன்னைக்கு எங்க பக்கத்துக் கிராமங்க சேந்த உள்வட்டத்துக்கு முறை. காலையில எட்டு மணிக்கே பெருமாள் அண்ணன் தகரப் பெட்டியத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டாரு. அளவு சங்கிலிய நான் பையில வச்சுக்கிட்டேன். அதிகாரி பதினோரு மணிக்கு எங்க கிராமத்த எடுத்தாரு. வாய்க்கா ஆக்கிரமிப்பு ஒண்ணப் பத்தி எல்லாரும் பாக்க என்னைய நிக்க வச்சுக் கேள்வி கேட்டாரு. பதிவேடு ஒவ்வொண்ணுலயும் தேதியோட கையெழுத்துப் போட்டாரு. மத்தியானம் வராண்டாவுல உக்காந்து நானும் பெருமாள் அண்ணனும் எலுமிச்சஞ் சோறு சாப்புட்டோம். மனு வாங்குறது முடிஞ்சு வெளிய வர்றப்ப மணி அஞ்சரை.

மறுநாக் காலையில பெருமாள் அண்ணன் பேப்பரத் தூக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டாரு.

"அம்மா, நேத்து நாம ரெண்டு பேரும் கொலகாரனப் புடிச்சிருக்கமாம்."

எனக்கு மொதல்ல சிரிப்புத்தான் வந்துச்சு. வாங்கிப் படிச்சேன். இரட்டைக் கொலையில் தேடப்பட்ட தென்னை மரத் தொழிலாளி வி.ஏ.ஓ. முன்னிலையில் சரண்னு போட்டிருந்துச்சு. காலை பதினோரு மணிக்கு நேர்ல வந்து நான் செஞ்ச பாவத்தச் சொல்லணும்னு அழுதானாம். நான் எழுதி வாங்கி ஸ்டேஷன்ல ஒப்படச்சேனாம். மத்தியானம் ரெண்டு மணிக்கு அவன் அடையாளங் காட்ட, மோட்டார் ரூம்புல கெடந்த அந்த அருவாள வாய்க்காப் பாலத்துக்கு அடியில ரத்தக்கறையோட எடுத்தமாம். டீக்கடையில ரெண்டு பேரு என்னையக் கையெடுத்துக் கும்புட்டாக. "ஆத்தா, தைரியமான பொம்பள"ன்னாரு ஒருத்தரு.

நேரா ஸ்டேஷனுக்குப் போனேன்.

அந்த இன்ஸ்பெக்டரப் பத்தி நெறையாப் பேரு நெறையாச் சொல்லுவாக. எங்கிட்ட அவரு ஒரு நாளும் குரல ஒசத்திப் பேசுனதில்ல. உள்ள போனதும் எந்திரிச்சு நாற்காலிய இழுத்துப் போட்டாரு. "அக்காவுக்குச் சீனி இல்லாம"ன்னு டீக்கடைக்காரன்கிட்டச் சொல்லி விட்டாரு. எனக்குச் சர்க்கரன்னு அவருக்கு ஞாபகம் இருந்துச்சு. நான் பேசி முடிக்குற வரைக்கும் குறுக்க ஒரு வார்த்தை பேசல. முடிச்சதும் மேசை மேல இருந்த பேப்பர் வெயிட்ட ஒருக்கா உருட்டி விட்டுட்டுச் சொன்னாரு. தப்பு ரைட்டரு தப்பு, உங்களுக்கு ஜமாபந்தின்னு அவன் பாக்கல. தேதியத் திருத்த முடியாது, பேப்பர்லயே வந்துருச்சு. ஆளு தப்பில்ல, ஊரே சொல்லுதுல்ல. கோர்ட்டுக்கு வர ரெண்டு மூணு வருசம் ஆகும், அதுக்குள்ள யாருக்கு எது ஞாபகம் இருக்கப் போகுதுன்னாரு.

"ரெண்டு கொலை இது அக்கா. தூக்கு வரைக்கும் கொண்டு போயிருவோம். நீங்க நிம்மதியா இருங்க."

நிம்மதியா இருன்னு சொன்ன அதே வாய்தான் தூக்குன்னும் சொல்லுச்சு. டீய வச்சுட்டு எந்திரிச்சேன். வெளிய வர்ற வழியில லாக்கப். சேசுராஜ் செவுத்துல சாஞ்சு, காலு ரெண்டையும் நீட்டி உக்காந்திருந்தான். உள்ளங்காலு ரெண்டும் வீங்கி, கறுத்துக் கெடந்துச்சு. என்னையப் பாத்ததும் அவன் மொகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு. எந்திரிக்கப் பாத்தான், முடியல. உக்காந்தபடியே ரெண்டு கையையும் கூப்பி என்னையக் கும்புட்டான். அவனக் காப்பாத்தத்தான் வி.ஏ.ஓ. அம்மா வந்திருக்காகன்னு நெனச்சிருக்கான் அந்தப் பாவி. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு வெளிய வந்துட்டேன்.

மத்தியானம் தாசில்தாரப் போயிப் பாத்தேன். அன்னைக்கு நான் ஜமாபந்தியில இருந்தேன், இந்த வாக்குமூலம் என்னோடதில்லன்னு ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொண்டு போயிருந்தேன். எங்க தாசில்தாருக்கு ஒரு குணம். மேசையில காயிதமே இருக்கக் கூடாது. எதுன்னாலும் வாயாலச் சொல்லுங்க, எழுத்துல வேணாம்பாரு. நான் நீட்டுனத வாங்குனாரு. கண்ணாடிய நெத்தியில ஏத்திவிட்டு மொத வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிச்சாரு. பெறகு அத நாலா மடிச்சாரு. மடிப்பு மேல நகத்தால ஒரு கீறு கீறுனாரு. எங்கிட்டயே திருப்பிக் குடுத்தாரு.

"இத நான் பாக்கல. நீங்களும் குடுக்கல. வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்னு எழுத்துல ஒத்துக்கிட்டா நாளைக்கே உங்களுக்குப் பதினேழு பி."

பதினேழு பின்னா எங்க இலாகாவுல பெரிய தண்டனைக்குக் குடுக்குற குற்றச்சாட்டு மெமோ. வேலையே போகலாம். மக அப்ப பன்னெண்டாவது. வீட்டுக்காரகளுக்கு ரெண்டாவது தடவ நெஞ்சு வலி வந்து மதுரையில பாத்துட்டு வந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்துச்சு. மடிச்ச காயிதத்தக் கைப்பைக்குள்ள வச்சேன். அப்பறம் நான் வாயத் தொறக்கல.

எத்தன நாளுன்னு கேளுங்க. ரெண்டரை வருசம். அந்த ரெண்டரை வருசமும் சேசுராஜ் மதுரை ஜெயில்ல கெடந்தான். ஜாமீன் கெடைக்கல, ரெண்டு கொலைக்கு யாரு குடுப்பா. நான் தெனமும் ஆபீஸ் போனேன், அடங்கல் எழுதுனேன், பொங்கலுக்குச் சேலை எடுத்தேன். கொலை செஞ்சவன் எவனோ அவனும் எங்கனயோ பொங்கல் கொண்டாடியிருப்பான். அதப் பத்திக் கேக்க ஒரு நாதி இல்ல, வழக்குத்தான் முடிஞ்சிருச்சே. டீச்சரம்மாவுக்கு நாங்க செஞ்ச மரியாத அதுதான்.

ஒரு நாளு மரியபுஷ்பம் என் ஆபீஸுக்கு வந்தா. மகளுக்கு ஸ்காலர்ஷிப்புக்கு வருமானச் சான்று வேணும். எனக்கு அவ மொகத்தப் பாக்க முடியல. குனிஞ்சுக்கிட்டே மடமடன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி நீட்டுனேன். அவ வாங்கிட்டுப் போகல. வெளிச்சத்துக்கு நேரா அந்தத் தாளப் புடிச்சு, என் கையெழுத்தையே பாத்துக்கிட்டு நின்னா. அழுகல, கத்தல.

"எங்க வக்கீலு நகலு காட்டுனாக. அதுலயும் இதே கையெழுத்துத்தாம்மா. இந்தக் கையெழுத்துக்கு எம்மகளுக்குப் படிப்பு கெடைக்குங்கிறாக. இதே கையெழுத்துக்கு அவ அப்பனுக்குத் தூக்கு கெடைக்குங்கிறாக. நாங்க எத நம்புறது?"

கைப்பைக்குள்ள நாலா மடிச்ச காயிதம் அப்பவும் இருந்துச்சு, மடிப்புல கிழியுற மாதிரி ஆயிருந்துச்சு. அவ போன பெறகு அத எடுத்து மேசையில விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பெருமாள் அண்ணனக் கூப்புட்டு, சம்மன் வந்தா நான் உள்ளதச் சொல்லப் போறேண்ணேன்னேன். அவரு சொன்னாரு.

"நீங்க என்ன சொல்றீகளோ அதான்மா நானும். பொய் சொல்றதா இருந்தா மட்டும் முந்தியே சொல்லிருங்க, நான் மனப்பாடம் பண்ணணும். உண்மைன்னா ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல."

சம்மன் வந்துச்சு. சாட்சி சொல்றதுக்கு முன்னால அரசு வக்கீலு ஆபீஸுல நகலக் குடுத்துப் படிக்கச் சொல்றது வழக்கம். படிச்சேன். நாலு பக்கம், பொடிப்பொடியா டைப் அடிச்சிருந்துச்சு. எங்க ஆபீஸுல அப்பக் கம்ப்யூட்டர் கெடையாது, கரண்டே பாதி நாளு கெடையாது. அந்த வாக்குமூலத்துல சேசுராஜ், 'பேராசையின் காரணமாகவும் ஆத்திரத்தின் காரணமாகவும்'னு பேசியிருந்தான். ஏலே, அவன் வாழ்க்கையில 'காரணமாகவும்'னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பானா. படிச்சு முடிச்சதும் அரசு வக்கீலு எல்லாம் ஞாபகம் வந்துருச்சான்னு கேட்டாரு. வந்துருச்சுய்யான்னேன்.

கூண்டுல ஏறுனேன். இதுக்கு முந்தி முப்பது நாப்பது வழக்குல ஏறியிருப்பேன். நகல்ல உள்ளத ஒப்பிச்சுட்டு எறங்குறது பழகுன வேல. எதுத்தாப்புல சேசுராஜ் ரெண்டு போலீஸுக்கு நடுவுல நின்னான். ஆளு பாதியா எளச்சிருந்தான். இந்தத் தடவ அவன் என்னையக் கும்புடல.

சரணடஞ்சதாச் சொன்ன நாளு காலை பதினோரு மணிக்கு எதிரி சேசுராஜ் உங்க அலுவலகத்துக்கு வந்தாரான்னு அரசு வக்கீலு கேட்டாரு. வரலன்னேன். அவரு தாளப் பொரட்டிட்டு மறுபடி கேட்டாரு. அன்னைக்கு நான் ஜமாபந்தியில இருந்தேன், என் தலையாரியும் எங்கூட இருந்தாரு, பதிவேட்டுல அதிகாரி கையெழுத்தும் தேதியும் இருக்கு, வரவழச்சுப் பாருங்கன்னேன். அரசு வக்கீலு எந்திரிச்சு, இந்தச் சாட்சியப் பிறழ் சாட்சியா அறிவிக்கணும்னு கேட்டாரு.

அந்த வார்த்தைய நல்லாப் பாத்துக்கங்க. முப்பது நாப்பது வழக்குல பாக்காததப் பாத்தேன்னு சொன்னேன், போகாத எடத்துக்குப் போனேன்னு சொன்னேன். அப்பெல்லாம் நான் நம்பகமான அரசு சாட்சி. ஒரே ஒரு நாளு உண்மையச் சொன்னேன், பிறழ் சாட்சி ஆயிட்டேன்.

நீதிபதியம்மா பேனாவ வச்சுட்டு என்னையப் பாத்தாக. அப்ப இந்தக் கையெழுத்து யாருடையதுன்னு கேட்டாக. என்னோடதுதாம்மான்னேன். எப்பிடி வந்துச்சுன்னாக. வெத்துத் தாள்ல போட்டுக் குடுத்து வச்சிருந்தேன்னேன்.

"எத்தன தாளு?"

"இருபதும்மா."

"இந்த வழக்குக்கு அஞ்சு தாளு போயிருக்கு. மிச்சம் பதினஞ்சு எங்க?"

"தெரியாதும்மா."

"இதுக்கு முந்தி இப்பிடிக் குடுத்திருக்கீங்களா?"

"குடுத்திருக்கேம்மா."

"எத்தன?"

கணக்கே இல்ல. தென்னங்கன்னு எத்தன, திராட்ச எத்தன ஏக்கர், எந்தக் கெணத்துல எம்புட்டுத் தண்ணின்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். என் கையெழுத்து எத்தன தாள்ல எங்கன கெடக்குன்னு எனக்குத் தெரியாது. அதையும் சொன்னேன். அவுக எழுதிக்கிட்டாக.

பதிவேடுக கோர்ட்டுக்கு வந்துச்சு. பெருமாள் அண்ணனும் ஏறி, எலுமிச்சஞ் சோறு சாப்புட்டது வரைக்கும் சொன்னாரு. அவரும் பிறழ் சாட்சி. நாலு மாசத்துல தீர்ப்பு. சேசுராஜ் விடுதலை. மரியபுஷ்பம் கோர்ட்டு வாசல்ல அவன் கையப் புடிச்சுக்கிட்டு, படி படியா எறக்கிக் கூட்டிட்டுப் போனா. நான் தூரத்துலயே நின்னேன், கிட்டப் போக எனக்கு மொகம் இல்ல.

எனக்குப் பதினேழு பி வந்துச்சு. விசாரணை நடந்துச்சு, பதவி உயர்வு லிஸ்ட்டுல இருந்து பேரு போச்சு. அது எனக்கு வேணும். குறையாச் சொல்லல. ஆனா வெத்துத் தாள வாங்குனவுக, அதுல எழுதுனவுக, ஒரு மனுசன் உள்ளங்கால அடிச்சு நொறுக்குனவுக, ஒருத்தர் மேலயும் ஒரு தூசி விழுகல. இன்ஸ்பெக்டருக்கு அதுக்குள்ள பதவி உயர்வு வந்து வேற மாவட்டத்துக்குப் போயிட்டாரு. தாசில்தாரு மாலை மரியாதையோட ரிட்டயர் ஆனாரு, காயிதமே இல்லாத மேசையோட. மிச்சத் தாளக் குடுங்கன்னு நானே ஸ்டேஷனுக்குப் போயிக் கேட்டேன். அப்பிடி எதுவும் இங்க இல்லம்மான்னு புது ரைட்டரு சொன்னாரு. மரியபுஷ்பத்துக்குச் சொன்ன அதே பதிலு.

ஜமாபந்தி அன்னைக்கு இல்லாம, சும்மா ஒரு செவ்வாக்கெழமையா இருந்திருந்தா? நான் ஆபீஸுல இல்லன்னு காட்ட ஒரு அத்தாட்சியும் இருந்திருக்காது. என் வார்த்தைய யாரு நம்பியிருப்பா. நானே சொல்லியிருப்பனாங்கிறதே சந்தேகம். அந்த மனுசன் கழுத்துல கயிறு விழுகாம இருந்ததுக்கு நீதி நேர்மை எல்லாம் காரணம் இல்ல. ஒரு ரைட்டரு காலண்டரப் பாக்க மறந்ததுதான் காரணம். இந்த நாட்டுல ஒரு உசுரு அம்புட்டுக்குத்தான் நிக்குது. எனக்கு முன்னால, எனக்குப் பின்னால, ஜமாபந்தி இல்லாத நாள்ல எத்தன பேரு என் முன்னிலையில சரணடஞ்சாகளோ.

அந்தப் புள்ளைக்கு இதத்தான் சொல்றேன். வீடியோ எடுக்கட்டும், நல்லதுதான். ஆனா வீடியோ எடுக்குறவன் கையிலதான் போனு இருக்கு. எப்ப ஆன் பண்ணுறதுன்னு அவன்தான் முடிவு பண்ணுவான். உங்கையில இருக்கறது பேனா ஒண்ணுதான். அதையும் தூக்கிக் குடுத்துட்டு கட்டைவிரல் போட்டுக்கிட்டு இருக்காதீக.

கடைசியா ஒண்ணு. நான் ரிட்டயர் ஆகுறதுக்கு ரெண்டு மாசம் இருக்கறப்ப சேசுராஜ் என் ஆபீஸுக்கு வந்தான். விடுதலையாகி வந்த பெறகு அதுதான் மொத தடவ. கம்பு ஊனி, கால அகட்டி அகட்டி நடந்து வந்தான். நல வாரியத்துல பதிவு புதுப்பிக்கணும், வி.ஏ.ஓ. சான்று வேணும்னு பாரத்த நீட்டுனான். நான் எந்திரிச்சு நாற்காலியப் போட்டேன். அவனுக்கு என்னாலான நல்லது எதாச்சும் செய்யணும்னு மனசு கெடந்து தவிச்சுச்சு. தென்னை மரம் ஏறும் தொழில் செய்து வருகிறார்னு எழுத ஆரம்பிச்சேன். அப்பத்தான் உதவி எதுவும் நிக்காம வரும்.

"அப்பிடி எழுதாதீகம்மா. நான் இப்ப ஏறல. ஏற முடியாது. ஏறுறேன்னு எழுத வேணாம்."

எழுதுன வரிய அடிச்சுட்டு உள்ளது உள்ளபடி எழுதுனேன். முன்பு மரம் ஏறியவர், தற்போது பாதங்களில் ஏற்பட்ட பாதிப்பால் ஏற இயலாதவர். கையெழுத்துப் போட்டேன், முத்திரை குத்துனேன். அவன் வாங்கி, எழுத்துக் கூட்டி, மொதல்ல இருந்து படிச்சான். படிச்சுட்டு அந்தத் தாள மறுபடி என் மேசையில வச்சான். எழுத்துக்கும் என் கையெழுத்துக்கும் நடுவுல வெறுமையாக் கெடந்த எடத்த ஆள்காட்டி விரலால தொட்டுக் காட்டுனான்.

"இங்கன காலியா இருக்கும்மா. குறுக்க ஒரு கோடு போட்டுருங்க."